ஒழுகும் பாய்லரும் ஒழியாத வழக்கும்: விழுப்புரம்–திண்டிவனம் வட்டார வெந்நீர் மரபு பற்றி ஓர் ஆய்வு

பாயிரம்

நிலைத்து நிற்கும் பொருள்களைப் பற்றி வெகு காலத்துக்கு முன்பே கருத்துச் சொன்ன மாவட்டம் விழுப்புரம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டுப் பாறையைக் குடைந்து கோயில் செய்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல் சேர்க்கவில்லை, மரம் சேர்க்கவில்லை, உலோகம் சேர்க்கவில்லை, சுதையும் சேர்க்கவில்லை என்று அங்கேயே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். அந்த நான்கும் என்றைக்காவது பழுதாகும் என்பது மன்னனுக்குத் தெரிந்திருக்கிறது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வியே எழாதபடி வேலையை முடித்தவன் அவன். பிறகு இவ்வட்டாரத்தில் செய்யப்பட்ட மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வி உண்டு. குளிக்கும் வெந்நீர் பாய்லருக்கு அது ஆண்டுதோறும் உண்டு.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள், விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அத்தை வீட்டுப் புழக்கடையில் நிற்கும் செம்பு பாய்லர். எடுத்துக்கொண்ட சிக்கல், அது ஒழுகுகிறது. அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். "ஈயம் வெச்சுப் பத்த வெச்சா இன்னும் இருவது வருசம் ஓடும்" என்பது விழுப்புரம் கட்சி, தலைவர் மாமா. "எடுத்துக் காயலாங்கடையில போட்டுட்டு கீசர் மாட்டிடுங்க மாமா" என்பது திண்டிவனம் கட்சி. தலைவர் அவருடைய மாப்பிள்ளை. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் நாற்பது கிலோமீட்டர். கருத்துக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம் என்று நினைத்துத்தான் இவ்வாய்வில் இறங்கினோம்.

பெயரும் எல்லையும்

முதலில் பாய்லர் என்றால் எது என்று வரையறுக்க வேண்டும். இங்கிலாந்தில் அது வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு, அறை அறையாகக் குழாயில் வெந்நீரை அனுப்பி வீட்டையே சூடாக்கும் யந்திரம். 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர், வெளியே போகிற புகையிலிருந்தும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும் வகையாகவே பெரும்பாலும் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே அங்கே மாற்றுக் கட்சிக்கு அரசின் ஆதரவு உண்டு. விழுப்புரத்தில் வீட்டைச் சூடாக்கும் பொறுப்பை அக்னி நட்சத்திரம் கூலி வாங்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதால், நம் பாய்லர் ஆளை மட்டும் சூடாக்கினால் போதும். அதுவும் மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை இருபது டிகிரியை ஒட்டி இறங்கும்போது. இருபது டிகிரிக்கு லண்டன்காரர் சட்டையைக் கழற்றுவார். கீழ்ப்பெரும்பாக்கத்தில் மப்ளர் எடுப்பார்கள்.

சட்டத்தின் கருத்து இன்னும் கடுமையானது. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்தை நீக்கிவிட்டு 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்தது. அதன்படி 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளது பாய்லர் அல்ல. தண்ணீர் நூறு டிகிரிக்குக் கீழேயே சூடாகும் கலமும் பாய்லர் அல்ல. அழுத்தத்தில் நீராவி உண்டாகாத எதுவுமே பாய்லர் அல்ல. மாமா வீட்டுக் கலம் இந்தத் தேர்வில் தேறவில்லை. மேலே புனல் திறந்தே கிடப்பதால் அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, இந்த வழக்கே பாய்லர் அல்லாத ஒன்றைப் பற்றியது. இதை மாமாவிடம் தெரிவித்தபோது, "அப்ப அது என்னாவாம்?" என்றார். சட்டம் அதைச் சொல்லவில்லை.

சட்டம் ஒத்துக்கொள்ளும் பாய்லர்கள் இதே வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. புழுங்கலரிசி ஆலைகளில் உமியைத் தின்று நெல்லை அவிக்கின்றன. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையைத் தின்கின்றன. அவற்றுக்கெல்லாம் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அமைப்பில் கை வைப்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அத்தை வீட்டில் உரிமையாளரும் மாமாதான், ஆய்வாளரும் மாமாதான், மேல்முறையீட்டு அதிகாரியும் அவர்தான். கோப்பு நகராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே ரயில்வேயைப் பற்றி ஒரு வார்த்தை. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி. மீட்டர் கேஜ் காலத்தில் ஊரே கரிப்புகையில் கிடந்தது. நீராவி எஞ்சின்களைப் பொறுத்தவரை பழுதா, மாற்றா என்று யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. பட்டறைக்கு வந்த எஞ்சினிலிருந்து கொதிகலனைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்த இன்னொன்றை இறக்குவார்கள். கழற்றியது சாவகாசமாகச் சரியாகி அடுத்த எஞ்சினுக்குப் போகும். எண் எஞ்சினின் சட்டகத்தோடு நிற்கும்; கொதிகலன் கைமாறிக்கொண்டே இருக்கும். அதாவது ரயில்வே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது. கையிருப்பில் இன்னொரு பாய்லர் இருந்தால் எந்த மாமாவும் ஞானியாகிவிடலாம்.

அமைப்பும் பழுதும்

பாய்லரைப் பார்த்திராத இளைய வாசகருக்காக: இடுப்பளவு உயரத்தில் செம்புத் தகட்டாலான உருளை. நடுவே மேலும் கீழும் திறந்த குழல். அடியில் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. குழலுக்குள் நெருப்பு, குழலைச் சுற்றித் தண்ணீர். மேற்பக்கத்துப் புனலில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் உள்குழாய் வழியே அடிக்குப் போகும். மேலே மிதக்கும் வெந்நீர் பித்தளைக் குழாய் வழியே வெளியே தள்ளப்படும். ஒரு குடம் ஊற்றினால் ஒரு குடம் வரும். ஊற்றாவிட்டால் வராது. கடைசியாகக் குளித்தவர் ஊற்றிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இதன் எழுதப்படாத விதி. கூட்டுக் குடும்பம் குலைந்ததற்குச் சமூகவியலார் சொல்லும் காரணங்களில் இந்தக் குடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எரிபொருளில் வட்டாரத்தின் செல்வமெல்லாம் தெரியும். கடலோரத்திலிருந்து சவுக்கு மிலாறு. தென்னை உள்ள வீட்டில் மட்டையும் கொட்டாங்கச்சியும். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் சீமை இது. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ரகம் ரகமாக நிலக்கடலையை நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. பருப்பு நாட்டுக்குப் போனாலும் தோல் பாய்லருக்கு வரும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 15,000 கிலோஜூல் வெப்பம் உண்டு. இருபது லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற 1,260 கிலோஜூல் போதும். ஏட்டுக் கணக்கில் ஒரு கிலோ விறகுக்குப் பன்னிரண்டு வாளி. கண்ணில் பார்ப்பது அதில் ஒரு பங்குதான். மிச்சம் குழல் வழியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகிறது.

இனி ஒழுகல். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதை ஒட்டவைக்கும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். குழலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை, உள்ளே என்ன எரிந்தாலும் தகடு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, தண்ணீர்தான் காவல். ஓரிடத்தில் கசிவு தொடங்கி மட்டம் இறங்கினால், இறங்கிய இடத்தில் தகடு வெறும் நெருப்பைச் சந்திக்கிறது, அங்கே பற்று இளகுகிறது, அங்கும் கசிகிறது. ஒழுகல் ஒழுகலைப் பெறும் என்பது இவ்வியலின் முதல் விதி. "ஒரு சொட்டுதான, என்னா ஆயிடப் போவுது" என்ற கொள்கைக்கு இந்த விதி எதிரானது. அப்படியும் அந்தக் கொள்கை இன்னும் தோற்கவில்லை.

இரண்டாம் விதி சுண்ணாம்பைப் பற்றியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச உள்ளே வெள்ளைப் படிவு ஏறும். செம்பு கடத்தும் வெப்பத்தில் அந்தப் படிவு நூற்றில் ஒரு பங்கைக்கூடச் சரியாகக் கடத்தாது. விறகு கூடும், நேரம் கூடும். அதற்குப் புளி போதும். ஊர்ப் பெயரிலேயே புளியமரத்தை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் திண்டிவனத்துக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். புளிக்கரைசலை ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினால் படிவு போய்விடும். போன பிறகுதான் பல பாய்லர்களில் ஓர் உண்மை தெரிகிறது: இத்தனை காலம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் படிவுதான். சுத்தம் செய்யாதவரை ஒழுகாத கலத்தைப் பழுதான கலம் என்பதா, நல்ல கலம் என்பதா? இதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அத்தையிடம் உண்டு: "நான் அப்பவே சொன்னேன், அதுல கை வெக்காதீங்கன்னு."

பொருளியல்

பழுது பார்க்கும் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு, தாண்டாவிட்டால் பழுது பார் என்று மேல்நாட்டில் ஒரு கைக்கணக்கு உண்டு. அதை இங்கே போட்டுப் பார்ப்போம். புது செம்பு பாய்லர் பத்தாயிரம் என்றும், ஈயப்பற்றுக் கூலி ஐந்நூறு என்றும் வைத்துக்கொள்வோம். பழுது பார் என்று விடை வருகிறது. அடுத்த வருடமும் ஒழுகுகிறது, அப்போதும் ஐந்நூறுதான், விடை மாறவில்லை. இருபது வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு புது பாய்லரின் பணம் பட்டறைக்குப் போயிருக்கும், பாய்லர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் சரியாகவே முடிவெடுத்து இந்த இடத்துக்கு வந்து சேரலாம். கைக்கணக்குக்கு ஞாபகசக்தி கிடையாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியைத் திண்டிவனம் கட்சி இந்த இடத்தில் எடுத்து வீசுகிறது. அது செல்லாது. சுண்டைக்காய்க்கு எடை மதிப்பு இல்லை, செம்புக்கு உண்டு. காயலாங்கடைத் தராசில் ஒழுகும் பாய்லரும் ஒழுகாத பாய்லரும் ஒரே விலை, ஓட்டைக்கு எடை கிடையாது. இதனால்தான் மாமா அதைச் செலவாகப் பார்ப்பதில்லை, சேமிப்பாகப் பார்க்கிறார். ஆனால் அவர் பார்க்கத் தவறுவது ஒன்று: ஒவ்வொரு பழுதிலும் செம்பின்மேல் ஈயம் ஏறுகிறது. ஈயம் ஏறிய செம்புக்குக் கடைக்காரர் விலையைக் கழிப்பார். காப்பாற்றக் காப்பாற்றச் சேமிப்பு கரைகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கல்வெட்டுச் சான்று. புனலுக்குக் கீழே, ஊசிப்புள்ளி எழுத்தில், அத்தையின் பெயரின் முதலெழுத்தும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. சீர்வரிசையில் வந்த பாய்லர். மாமா இதை ஒரு வாதமாக ஒருபோதும் சொன்னதில்லை. புளி போட்டுத் துலக்கும்போது மட்டும் அந்த இடத்தை அவரே துலக்குகிறார்.

மின்னியல்

திண்டிவனம் கட்சியின் வேதம் பதினைந்து லிட்டர் கீசர். தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற அது சுமார் 0.6 யூனிட் குடிக்கும். இரண்டு கிலோவாட் கீசராக இருந்தால் இருபது நிமிடத்துக்குள் ஆகிவிடும். ஊத வேண்டாம், கண் எரியாது. மாப்பிள்ளை இதைச் சொல்லும் தோரணையில் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கு பேர், அறுபது நாள் என்று பெருக்கினால் ஏறக்குறைய 145 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கும் தமிழ்நாட்டில் 2016இல் 100 யூனிட் இலவசமானது; 500ஐத் தாண்டினால் கட்டணம் வேறு படிக்கு ஏறிவிடும். ஆகவே திண்டிவனம் வீட்டில் ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும் வாரத்தில் கீசர் சுவிட்ச்மேல் ஒரு கண் இருக்கும். வெந்நீருக்கான கவலை அங்கும் ஒழியவில்லை. விறகிலிருந்து மீட்டருக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

கீசருக்கும் அதே ஆழ்துளைத் தண்ணீர்தான். சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு ஏறும். தொட்டியைக் காப்பதற்காகத் தன்னைத் தின்னக் கொடுக்கும் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருப்பது பல வீடுகளில் யாருக்கும் தெரியாமலே கரைந்து முடிந்துவிடும். பிறகு உள்தொட்டி ஓட்டையாகும். அதைப் பற்றவைத்துத் தரும் கடை லேசில் கிடைக்காது. கழற்றிப் போட வேண்டியதுதான். பழுதா மாற்றா என்ற கேள்விக்குக் கீசர் பதிலை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு பிறக்கிறது. திண்டிவனம் கட்சிக்கு இது பலமா, பலவீனமா என்று மாப்பிள்ளையையே கேட்டோம். "வாரன்டி இருக்கே" என்றார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று கொட்டியது. திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்கள் நின்றன. இரு கட்சிகளும் தங்கள் கொள்கையை நிரூபிக்கக் காத்திருந்த நாள் இதுதான். மின்சாரம் இல்லை, எனவே கீசர் இல்லை. விறகும் மல்லாட்டைத் தோலும் ஊறிக்கிடந்தன, எனவே பாய்லரும் இல்லை. இயற்கை நடுநிலை வகித்தது.

காலவியல்

இதுவரை சொன்ன எந்தக் கணக்கும் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. தீர்மானிப்பது பஞ்சாங்கம். மாசியில் ஓரங்கட்டப்பட்ட பாய்லர் ஐப்பசி வரை காய்ந்து கிடக்கும். அதைத் திரும்ப எடுப்பது தீபாவளி எண்ணெய்க் குளியலுக்காக. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது முந்தின நாள் சாயங்காலம். அப்போதுதான் ஒழுகும். பற்றவைக்கும் தொழிலாளி அந்த நேரத்தில் தன் வீட்டில் முறுக்குப் பிழிவதற்கு ஒத்தாசை செய்துகொண்டிருப்பார். சோப்பைத் தேய்த்து அடைத்துப் பார்ப்பார்கள். பிசைந்து ஒட்டும் பசையை அப்பிப் பார்ப்பார்கள். கடைசியில் அண்டாவைக் கேஸ் அடுப்பில் ஏற்றுவார்கள். எல்லோரும் குளித்தாகிவிட்டது, அவசரம் தீர்ந்தது.

கார்த்திகையில் மழை, பட்டறைக்கு எப்படிப் போவது. மார்கழியில், "இன்னும் ஒரு மாசந்தான". தையில் வெயில் வந்துவிடுகிறது. சித்திரையில் வெந்நீர் என்று வாயைத் திறந்தவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். முடிவெடுக்காமல் இருப்பதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் தக்க காரணம் இருக்கிறது. பழுது, மாற்று என்று இரண்டே வழி என நினைத்து ஆய்வைத் தொடங்கினோம். "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்பது மூன்றாம் வழி. வட்டாரத்தில் பெரும்பான்மை அதற்குத்தான்.

இந்தப் பெரும்பான்மையில் அத்தை சேர்த்தி இல்லை. விடிவதற்கு முன் எழுந்து மிலாறு ஒடித்துப் போட்டவர் அவர். ஈர விறகை ஊதிக் கண் சிவந்தவர் அவர். சாம்பலை அள்ளிக் கொட்டியவரும் அவர்தான். கிலோஜூலும் யூனிட்டும் போட்ட எந்தக் கணக்கிலும் அந்த வேலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பது எமக்கே தாமதமாகத்தான் உறைத்தது. பழுதா, மாற்றா என்று அவரை முறைப்படி கேட்டபோது கிடைத்த சாட்சியம்: "நீங்க மூணு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கடா கண்ணு. நான் ரெண்டு வருசமா பச்சத் தண்ணிலதான் குளிக்கிறேன்."

முடிபு

ஆய்வு நிறைவடையும் தறுவாயில் ஒருவழியாகத் தொழிலாளி வந்தார். எந்தக் கருவியும் எடுக்கவில்லை. பாய்லரைச் சாய்த்து வைத்து விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். பக்கவாட்டுத் தையலில் ஒழுகினால் பற்றவைத்துவிடலாம் என்றார். அடியில், குழல் சேரும் இடத்தில், கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டுமாம். தகடு உள்வாங்கினால் நைந்துவிட்டது என்று பொருள். அதில் பற்று வைத்தால் பற்றுக்குப் பக்கத்தில் கிழியும். அப்படிப்பட்டதைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் புதிது எடுப்பதுதான் வழி. இந்தக் கட்டுரை முழுவதும் தேடியதை அவர் ஒரு கட்டைவிரலில் முடித்துவிட்டார்.

அழுத்தினார். பாதி உள்வாங்கியது.

"மேல எல்லாம் கெட்டியா இருக்குது. அடித் தகடும் கொழலும் மட்டும் புதுசா போட்டுடலாம்" என்றார்.

"பாத்தீங்களா, பழுதுதான்" என்றார் மாமா.

"புதுசா போடறதுன்னா மாத்தறதுதான மாமா" என்றார் மாப்பிள்ளை, ஸ்பீக்கரில்.

குழலும் அடியும் போய்விட்ட பாய்லர் அதே பாய்லரா என்று நாம் ரயில்வே முன்னுதாரணத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கினோம். பெயர் வெட்டியிருப்பது மேல் தகட்டில். சட்டகத்து எண்ணைப் போல அது நிற்கும் என்று விளக்குவதற்குள் அத்தை வந்துவிட்டார்.

"தம்பி, அந்தப் பித்தளக் கொழாய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போப்பா. குடிதண்ணித் தொட்டிக்கு ஒழுவாத கொழா ஒண்ணு வேணும்."

கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். குழாய் இல்லாத கலத்தைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.